வீட்டுத் திரைப்படக் கருவி: பிணியறிதலும் பரிகாரமும்

காலத்தின் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்துதல் மனிதனால் இயலாத காரியம். ஆயினும் ஓடும் காலத்தின் சாயலைச் சிறிதளவேனும் பற்றிவைக்க அவன் கற்றுக்கொண்டான். எழுத்து, சொல்லைக் காத்தது. ஓவியமும் ஒளிப்படமும் உருவத்தைக் காத்தன. உருவத்தின் அசைவையே காக்கும் ஆற்றல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் வாய்த்தது. அவ்வாற்றல் வணிக அரங்குகளைக் கடந்து குடும்பத்தின் கூடத்தினுட் புகுந்ததன் பயனே வீட்டுத் திரைப்படம். குழந்தையின் முதல் நடை, மணவிழாவின் ஆரவாரம், இன்று உயிருடன் இல்லாத பாட்டனாரின் புன்முறுவல் ஆகியன சிறிய தகரப் பெட்டிகளிலே சுருண்டு கிடக்கின்றன. அவற்றைத் திரையில் உயிர்ப்பித்த கருவியும் அலுமாரியின் அடித்தட்டிலே தூசிபடிந்து கிடக்கின்றது.

இவ்விரண்டையும் பல்லாண்டு கழித்துக் கண்டெடுக்கும் ஒருவருக்கு முதலில் எழும் ஆசை, மின்செருகியைப் பொருத்திப் படத்தை ஓடவிட்டுப் பார்த்தலேயாம். அவ்வாசையே பெருங்கேட்டுக்கு வாயில். அது எங்ஙனமெனின், சாதாரண ஒளிப்படத்துக்கு எதிர்ப்படம் ஒன்று உண்டு. அதிலிருந்து எத்தனை பிரதியும் எடுக்கலாம். வீட்டுத் திரைப்படத்திலோ பெரும்பாலும் எதிர்ப்படம் என ஒன்று இல்லை. கமராவினுள்ளே ஒளிபட்ட அதே நாடாவே இரசாயன முறையால் நேர்ப்படமாக மாற்றப்பட்டுக் குடும்பத்தாரிடம் திரும்பியது. ஆகவே அலுமாரியிற் கிடக்கும் அச்சுருளே முதற்பிரதி. அதுவே ஒரே பிரதி. கருவி பழுதுற்றால் வேறொன்று தேடலாம். கருவியின் பழுதாற் படம் கிழிந்தால் அதனை மீட்க வழியில்லை. எனவே, முதலிற் கருவியைக் குணமாக்குக, பின்னரே படத்தை அதனிடம் ஒப்படைக்குக என்பதே இத்துறையின் தலையாய விதி. இக்கட்டுரையிற் கூறப்படுவன யாவும் அவ்விதியின் விரிவேயாம்.

நாடாவின் வகைகள்

பாரிசு மாநகரில் 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குத் திரைப்படம் காட்டினர். வீட்டுப் பாவனைக்குரிய முறைகள் அதன்பின் ஒரு தலைமுறை கழித்தே நிலைபெற்றன. பிரான்சு நாட்டுப் பாதே நிறுவனம் 1922இல் 9.5 மில்லிமீற்றர் அகலமுள்ள நாடாவை வெளியிட்டது. அமெரிக்கக் கொடாக் நிறுவனம் 1923இல் 16 மில்லிமீற்றர் நாடாவையும், 1932இல் 8 மில்லிமீற்றர் முறையையும், 1965இல் ‘சூப்பர் 8’ எனும் முறையையும் கொணர்ந்தது. 16 மில்லிமீற்றர் நாடாவில் ஒரு படம் கொள்ளும் இடத்தில் நான்கு படங்களை அடக்கியமையால், 1932இன் முறை செலவைக் குறைத்து எளிய குடும்பங்களுக்கும் இக்கலையை எட்டவைத்தது.

பிணியறிதலின் முதற்படி, கையிலுள்ள நாடா எவ்வகையினது என உணர்தலாகும். பழைய 8 மில்லிமீற்றர் நாடாவும் சூப்பர் 8 நாடாவும் அகலத்தில் ஒத்தன. எனினும் ஓரத்துளைகளில் வேறுபட்டன. முன்னதன் துளை பெரியது. இரு படங்களுக்கிடையேயுள்ள கோட்டுக்கு நேராக அமைந்தது. பின்னதன் துளை சிறியது. ஒவ்வொரு படத்தின் நடுப்பகுதிக்கு நேராக அமைந்தது. துளைக்குத் துளை உள்ள தூரமும் முன்னதில் 3.81 மில்லிமீற்றர், பின்னதில் ஏறத்தாழ 4.23 மில்லிமீற்றர். ஆகவே ஒன்றுக்குரிய கருவியில் மற்றதை ஏற்றினால் நகம் துளையிற் புகாது நாடாவையே குத்திக் கிழிக்கும். 9.5 மில்லிமீற்றர் நாடாவிலோ துளை படங்களுக்கிடையே நட்டநடுவில் உள்ளது. அதன் நகம் இடம் தவறினால் வடு படத்தின் நடுவிலேயே விழும். பழுது எனக் கருதப்படுவன சிலவேளை பழுதல்ல, பொருத்தமின்மையே என்பது இதனாற் புலனாகும்.

கருவி இயங்கும் முறை

புறொஜெக்டர் எனப்படும் இக்கருவியின் பிணிகளை அறியவேண்டின் அதன் நலமான இயக்கத்தை முதலில் அறிதல் வேண்டும். திரையில் நாம் காண்பது ஓடும் படமன்று. ஒன்றன்பின் ஒன்றாக நின்று நின்று காட்டப்படும் அசையாப் படங்களின் வரிசையே. மின்குமிழின் ஒளி, வில்லைகளாற் குவிக்கப்பட்டுப் படவாயில் எனும் சிறு சாளரத்தை அடைகிறது. அங்கே ஒரு படம் கணநேரம் அசையாது நிற்கிறது. பின்னர் நகம் ஒன்று ஓரத்துளையிற் புகுந்து நாடாவை ஒரு படத்தின் அளவு கீழே இழுத்து, துளையை விட்டு விலகி, மீண்டும் மேலேறுகிறது. நாடா அசையும் அக்கணத்தில் ஒளி திரையை அடையாதவாறு சுழலும் மறைதகடு ஒன்று குறுக்கே வருகின்றது.

செக்கனுக்கு 16 படங்களே காட்டப்படின் ஒளி விட்டுவிட்டுத் துடிப்பது கண்ணுக்குத் தெரியும். அதனைப் போக்கும் பொருட்டு மறைதகட்டில் மூன்று இதழ்கள் அமைப்பர். அவற்றுள் ஒன்று நாடாவின் அசைவை மறைக்கும். ஏனைய இரண்டும் நிற்கும் படத்தையே இடையிட்டு மறைக்கும். அதனால் ஒளி செக்கனுக்கு 48 தடவை தோன்றி மறைய, கண் அதனைத் தொடர்ந்த ஒளியாகவே கொள்ளும். செக்கனுக்கு 24 படங்கள் செல்லும் ஒலிப்படத்துக்கு இரு இதழ்களே அவ்வெண்ணிக்கையைத் தந்துவிடும்.

இன்னும் ஒன்று நோக்கற்பாலது. படவாயிலில் நாடா நின்று நின்று செல்கின்றது. நாடா சுற்றப்பட்ட றீல்களும் அதனைச் செலுத்தும் பற்சில்லுகளும் நில்லாது சுழல்கின்றன. இவ்விரு இயக்கங்களையும் இணக்குவன, படவாயிலுக்கு மேலும் கீழும் விடப்படும் தளர்ந்த இரு வளையங்களாம். இவ்வளையங்கள் இல்லையேல், நகத்தின் இழுப்பும் றீலின் இழுப்பும் ஒன்றோடொன்று போரிட, நாடாவே நைந்துபோகும்.

மின்னூட்டுமுன் செய்யவேண்டியன

நெடுங்காலம் கிடந்த கருவியை எடுத்த எடுப்பில் மின்னோடு தொடுத்தலாகாது. முதலில் அதன் தகட்டிற் பொறிக்கப்பட்டுள்ள மின்னழுத்தத்தை நோக்குக. அமெரிக்காவில் ஆக்கப்பட்டவை பெரும்பாலும் 110 அல்லது 120 உவோற்றுக்கு உரியன. இலங்கையில் வழங்கப்படுவது 230 உவோற்று. தக்க நிலைமாற்றி இன்றித் தொடுப்பின் மின்குமிழ் கணத்திற் கருகும், மோட்டரும் தப்பாது. நிலைமாற்றியைப் பூட்டியபின்னும் ஒரு வேறுபாடு எஞ்சும். அமெரிக்க ஆடலோட்டம் செக்கனுக்கு 60 சுற்று; இலங்கையினது 50 சுற்று. நிலைமாற்றி மின்னழுத்தத்தை மாற்றுமேயன்றி இம்மீடிறனை மாற்றாது. காபன் தூரிகைகள் கொண்ட மோட்டர்கள் இதனைப் பொருட்படுத்தா. தூரிகையற்ற தூண்டல் மோட்டர்களோ ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடும். 24 படங்கள் செல்லவேண்டிய இடத்தில் 20, 18 செல்லவேண்டிய இடத்தில் 15 எனக் குறையும். திரையில் மாந்தர் மந்தமாக நடப்பதைக் கண்டு கருவியைக் கழற்றுவோர், காரணம் சுவரிலுள்ள மின்துளையிலேயே இருப்பதை அறியார்.

அடுத்து மின்வடங்களை ஆராய்க. பழைய இறப்பர் உறை வெடித்து உதிர்ந்திருப்பின் புதுவடம் இடுதல் இன்றியமையாதது. மின்னைத் தொடுக்காமலே, கைத்திருகியாற் பொறியை ஒரு முழுச்சுற்று மெல்லச் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். எளிதிற் சுழலின் நன்று. இறுகி நிற்பின் வலிந்து திருப்பலாகாது. அச்சுகளில் இட்ட பழைய கிறீசு காலவோட்டத்திற் பிசினாக உறைந்திருத்தலே இவ்விறுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம். அதனை ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில் நனைத்த துணியாலும் பஞ்சாலும் கரைத்து நீக்கி, அச்சுக்கு ஒரு துளி என்ற அளவில் மெல்லிய எண்ணெய் இடுதல் வேண்டும். எண்ணெய் மிகுதல் நன்மையன்று. சுழற்சியில் அது சிதறிப் படவாயிலையும் நாடாவையும் கறைப்படுத்தும்.

இயங்காமையின் காரணங்கள்

மோட்டர் இரைந்தும் பொறி சுழலாதிருப்பின் வார்களை நோக்குக. இறப்பர் வார்கள் ஆண்டுகள் செல்லச்செல்ல ஒன்று கல்லாக இறுகும் அல்லது தாராக உருகும். உருகிய பசையை முற்றாக வழித்தெடுத்தபின்னரே புதிய வாரை இடுதல் வேண்டும். கம்பிச்சுருள் வார்கள் நீண்டு தளர்தலும் உண்டு. வார் செம்மையாயிருந்தும் மோட்டர் தானே தொடங்காது, கையாற் சுழற்றிவிட்டபின் ஓடுமாயின், தூண்டல் மோட்டரைத் தொடக்கிவைக்கும் ஒடுக்கி செயலிழந்திருத்தல் கூடும். காபன் தூரிகை உள்ள மோட்டரில் தூரிகை தேய்ந்திருத்தலே வழக்கமான குறை. எவ்வியக்கமும் ஓசையும் இல்லையெனின் உருகியையும் ஆளியையும் சோதிக்குக. இச்சோதனைகளின்போது மின்செருகி சுவரினின்று கழற்றப்பட்டிருத்தல் வேண்டும். ஒடுக்கி, மின் நீங்கிய பின்னும் தன்னுள் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கக்கூடுமாதலின் அதனைத் தேர்ந்தவர் கையில் விடுதலே தகும்.

மோட்டர் ஓடியும் நகம் அசையாதிருத்தல் மற்றொரு நோய். சில கருவிகளிற் பிளாத்திக்கினால் ஆன பற்சில்லுகள் முதுமையால் வெடித்துவிடுகின்றன. இதற்குச் சில்லை மாற்றுதலன்றி வேறு பரிகாரமில்லை.

மின்குமிழைப் பொறுத்தவரை, ஒளி மங்கின் அதன் கண்ணாடி உட்புறம் கருமை படிந்துள்ளதா, பின்னாலுள்ள ஆடி மங்கியுள்ளதா என நோக்குக. புதிய குமிழ், உவோற்றிலும் உவாற்றிலும் அடிப்பாகத்தின் அமைப்பிலும் பழையதை ஒத்திருத்தல் வேண்டும். கூடிய ஒளி வேண்டுமென வலுமிக்க குமிழை இடுவோர், திரைக்கு ஒளியையன்றி நாடாவுக்கு நெருப்பையே தேடிக்கொள்வர். குளிர்விசிறி ஓடாத கருவியிற் குமிழை ஏற்றவே கூடாது. அலசன் வகைக் குமிழைக் கைவிரலால் தொடுதலும் தவறு. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் பெருவெப்பத்திற் பழுதுறும்.

திரை காட்டும் குறிகள்

நாடிபார்க்கும் மருத்துவனுக்குக் கை எப்படியோ, கருவியைத் திருத்துவோனுக்குத் திரை அப்படியாம். ஒவ்வொரு குறியும் ஒவ்வோர் உறுப்பைச் சுட்டுகிறது.

படம் மேலும் கீழும் துள்ளி, கருவியிற் ‘கடகட’ என்ற ஓசையும் எழுமாயின் வளையம் இழக்கப்பட்டதென்க. உடனே நிறுத்தி, தளர்வளையங்களை மீண்டும் அமைத்தல் வேண்டும். அடிக்கடி இவ்வாறு நிகழின் துளைகள் கிழிந்திருத்தலோ நாடா சுருங்கியிருத்தலோ காரணம். நல்ல நாடாவிலும் துள்ளல் நீங்காதாயின் நகம் தேய்ந்திருக்கலாம். படவாயிலில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் வில் தளர்ந்திருக்கலாம்.

இரு படங்களின் பகுதிகள் ஒருங்கே தோன்றி இடையிற் கருங்கோடு தெரியின் அது நோயன்று; படத்தை நிலைப்படுத்தும் குமிழியைச் சிறிது திருப்புதல் போதும். ஆனால், வெண்ணிறப் பொருள்களிலிருந்து மேலோ கீழோ ஒளிக்கோடுகள் நீண்டு புகைபோல இழுபடுமாயின், மறைதகடு தன் அச்சில் வழுவி, நாடா அசையும் காலத்தை முற்றும் மறைக்கத் தவறுகின்றது என்பது பொருள். மறைதகட்டை நகத்தின் இயக்கத்தோடு மீண்டும் ஒத்திசைத்துப் பூட்டுதலே இதற்கு மருந்து.

திரையின் ஓரத்தில் மயிர் போன்ற கருநிழல் ஆடிக்கொண்டிருத்தல் யாவரும் கண்ட காட்சி. அது படவாயிலில் ஒட்டிய தும்பு. வில்லை உருவத்தைத் தலைகீழாக்குவதால் திரையின் மேற்புறத்திற் காணும் தும்பு, படவாயிலின் கீழ்ப்புறத்திலேயே உண்டு என்பதை நினைவிற் கொள்ளுதல் தேடுவோர்க்கு உதவும். அங்கே உறைந்த அழுக்கைக் கத்தியாலோ ஊசியாலோ சுரண்டலாகாது. உலோகத்திலே விழும் மிகச்சிறு கீறலும் பின்னர் ஓடும் ஒவ்வொரு நாடாவையும் உழுதுவிடும். மூங்கிற் குச்சியும் மென்தூரிகையுமே அதற்குரியன.

படம் முழுதும் ஒரே இடத்தில் நெடுங்கோடு விழுமாயின் அது நாடாவில் முன்னரே உள்ளதா, அப்பொழுதுதான் உண்டாகின்றதா என்பதே முதல் வினா. உருவம் பதிந்த ஜெலற்றின் படை சுரண்டப்பட்டிருப்பின் கோடு வெளிறியோ நிறம் மாறியோ தோன்றும். மறுபுறத்து அடிப்பொருள் கீறப்பட்டிருப்பின் கருங்கோடாகத் தோன்றும். புதிதாக உண்டாகின்றதாயின் ஓட்டத்தை உடனே நிறுத்துக.

எல்லாவற்றினும் கொடியது, படம் திடீரென நின்று, அதன் நடுவிற் பழுப்புக் கொப்புளம் ஒன்று எழுந்து விரிதலாம். நாடா நின்றும் விளக்கு எரிவதன் விளைவு இது. வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடியோ வலைத்தகடோ தன் இடத்தில் உள்ளதா என்பதை முன்னரே சோதித்திருப்பின் இக்கேடு வராது. வீட்டு நாடாக்கள் செலுலோசு அசற்றேற்றினால் ஆனவையாதலின் உருகுமேயன்றிச் சுடர்விட்டெரியா. எனினும் 35 மில்லிமீற்றர் அகலமுள்ள பழஞ்சுருள் எதுவும் கிடைப்பின் எச்சரிக்கை வேண்டும். 1950களின் தொடக்கம் வரை அவ்வகலத்தில் எளிதிற் தீப்பற்றும் நைத்திரேற்று நாடா ஆக்கப்பட்டது. அதனை ஓட்ட முயலாது சுவடிக்காப்பகத்தாரிடம் ஒப்படைத்தலே முறை.

சோதனையின் ஒழுங்கு

பழுதுகள் நீங்கினவெனக் கண்டபின்னும் குடும்பப் படத்தை உடனே ஏற்றுதல் கூடாது. முதலில் நாடா இன்றி விளக்கும் இன்றிச் சில நிமிடம் ஓட்டுக. பின்னர் விளக்குடன் ஓட்டி வெப்பத்தையும் விசிறியையும் கவனிக்குக. மூன்றாவதாகப் படமற்ற வெறுநாடா சில அடியை ஏற்றி, ஓடி வெளிவந்ததும் அதனை வெளிச்சத்திற்குச் சாய்த்துப் பிடித்து இருபுறமும் நோக்குக. கீறலோ, துளையோரத்தில் நகத்தின் வடுவோ, எண்ணெய்க் கறையோ இருப்பின் கருவி இன்னும் குணமாகவில்லை. இவை இல்லையெனின் பயனற்ற பழஞ்சுருள் ஒன்றை முழுதும் ஓட்டி, வாங்கும் றீல் செவ்வனே சுற்றுகின்றதா என அறிக. அதன் வார் வழுக்கின் நாடா நிலத்திற் குவிந்து மிதிபடும்.

இனி, கருவி நலமுற்றும் நாடா நோயுற்றிருத்தல் கூடும். பெட்டியைத் திறக்கும்போது வினாகிரி மணம் வீசுமாயின் அசற்றேற்று சிதைந்து அசற்றிக்கமிலம் வெளிவருகின்றதென்க. அவ்வமிலமே மேலும் சிதைவைத் தூண்டுவதால் நோய் வரவர விரையும். நாடா சுருங்கி, வளைந்து, முறியும். சுருக்கத்தை அறிய எளிய வழி உண்டு. புது நாடா ஒன்றைப் பழையதன் அருகே நீட்டி, துளைக்குத் துளை ஒத்துவைத்து நூறு துளை எண்ணுக. நூறாவதில் ஒரு துளையளவு வேறுபாடு காணின் நாடா நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கியுள்ளது. அதனைக் கருவியில் ஏற்றவே கூடாது. இலங்கை போன்ற ஈரலிப்பான நாடுகளிற் பூஞ்சணமும் ஜெலற்றின் படையை உண்ணும். பூஞ்சணம் பற்றிய படை நீரிற் கரையக்கூடுமாதலின் ஈரத்துணியால் துடைத்தல் படத்தையே துடைப்பதாக முடியும். நோயுற்ற சுருளை ஏனையவற்றினின்று பிரித்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும்.

ஒரு சிறு சுருளின் பெறுமதி

ஐம்பது அடிச் சுருளொன்று செக்கனுக்கு 16 படமாக ஓடும் 8 மில்லிமீற்றர் முறையில் நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகமான காட்சியையே தரும். அத்துணைச் சிறிய பொருளுக்கு இத்துணைப் பேணுதல் ஏன் என வினவலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து டோபாஸ் முகாமிலே சப்பானிய வழியினர் அடைத்துவைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான டேவ் தட்சுனோ என்பார் அங்கே மறைவாகக் கொணரப்பட்ட 8 மில்லிமீற்றர் கமராவால் முகாமின் அன்றாட வாழ்வைப் படம்பிடித்தார். அப்படம் 1996இல் அமெரிக்க நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது. வீட்டுப்படமாக எடுக்கப்பட்டது வரலாற்றுச் சான்றாக நிமிர்ந்து நிற்கின்றது.

1963ஆம் ஆண்டு நவம்பர் 22இல் டாலஸ் நகரில் அமெரிக்க அதிபர் கெனடி சுடப்பட்டதை ஆபிரகாம் சப்ரூடர் என்னும் வணிகர் 8 மில்லிமீற்றர் கமராவிற் பதிவு செய்தார். அச்சம்பவத்தைக் காட்டும் தனிப்படங்கள் 486 மட்டுமே. உலகமே ஆராய்ந்த அம்முதற்பிரதியிலும் சில தனிப்படங்கள் பின்னர் கையாளும்போது தற்செயலாகப் பழுதுற்று அகற்றப்பட்டன. எடுக்கப்பட்ட அன்றே மூன்று பிரதிகள் ஆக்கப்பட்டிருந்தமையால் மட்டுமே அவ்விடைவெளி நிரம்பிற்று. நாடறிந்த சுருளுக்கே அந்நிலை எனின், பிரதி எதுவுமின்றி அலுமாரியிற் கிடக்கும் குடும்பச் சுருளின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

ஆதலின், திருத்திய கருவியிற் பன்முறை ஓட்டி மகிழ்தலை இறுதி நோக்கமாகக் கொள்ளலாகாது. இருளிற் பேணினால் நெடுங்காலம் நிறம் மங்காத கொடாக்குறோம் நாடாவும் கருவியின் பேரொளியிற் பலமுறை நின்றால் நிறம் மங்கும். அதனைப் பதப்படுத்திய இறுதி ஆய்வுகூடமும் 2010ஆம் ஆண்டு முடிவில் அப்பணியை நிறுத்திவிட்டது. நகத்தால் இழுக்காது, மென்மையான உருளைகளால் நாடாவை நகர்த்தி, ஒவ்வொரு படத்தையும் இலக்கமுறையிற் பதிவுசெய்யும் பொறிகள் இன்று உள. முதலில் அவ்வாறு ஒரு பிரதி ஆக்குவித்து, பின்னர் நலமுற்ற கருவியில் ஒருமுறை ஏற்றி, இருண்ட கூடத்திலே குடும்பத்தார் ஒருங்கிருந்து காணுதல் முறையாகும். அப்பொழுது எழும் கருவியின் இரைச்சலும் ஒளிக்கற்றையில் மிதக்கும் தூசியும் அனுபவத்தின் பகுதிகளேயாம். பழங்கருவியைத் திருத்துவோனுக்கு வேண்டுவன கைத்திறனும் கருவியறிவும் மட்டுமல்ல, பொறுமையும் வேண்டும். அவன் உண்மையிற் காப்பது இரும்பாலான பொறியையன்று, அதன் படவாயிலில் ஒரு கணம் நின்று செல்லும் மாந்தரின் நினைவையே.